கோச்சுஜாங்கைத் தாளித்த கதை

1

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, உள்ளே செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்த சிவப்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். இது என்ன என்று கேட்டார். மிளகாய் விழுது, சமையலுக்கு என்றேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"இங்கேயிருந்து ஊறுகாய் கொண்டுபோறவங்களைத்தான் பார்த்திருக்கேன். திருநெல்வேலிக்கே அல்வாவாம்மா?" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்த டப்பாவால் எங்கள் வீட்டில் என்னவெல்லாம் நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார். நானும் கொண்டுவந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். இல்லை, கொண்டுவந்திருப்பேன். எனக்கு எப்போதும் கொஞ்சம் வம்பு பிடிக்கும்.

நான் பரமேஸ்வரி. ஆவடி கோவில்பதாகையில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி, பதினோரு வருடமாகத் தென் கொரியாவில் சுவோன் என்ற ஊரில் இருக்கிறேன். கணவருக்கு இங்கே வேலை. மகள் இனியாவுக்கு இங்கே பள்ளிக்கூடம். எனக்கு இங்கே சமையலறை. அப்பா ஆவடி தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து கட்டிய வீட்டில் அம்மாவும் தம்பி தினேஷும் இருக்கிறார்கள். அப்பா இப்போது இல்லை. தை மாத விடுமுறைக்கு இனியாவை அழைத்துக்கொண்டு அங்கே போனபோது நடந்ததைத்தான் பங்குனியில், இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றாமல், உட்கார்ந்து எழுதுகிறேன்.

டப்பாவுக்குள் இருந்தது கோச்சுஜாங். சோயாவைப் புளிக்க வைத்து, பசையரிசிக் கூழும் மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து, ஜாடியில் போட்டு மாதக்கணக்கில் வெயில் காட்டிச் செய்கிற விழுது. இப்போது யாரும் வீட்டில் செய்வதில்லை, கடையில் வாங்குகிறார்கள். நாக்கில் வைத்தால் முதலில் இனிக்கும். 'ப்பூ, இவ்வளவுதானா' என்று நீங்கள் அலட்சியமாகச் சிரிக்கும்போது காரம் கொல்லைப்பக்கமாக வந்து பிடரியில் ஒன்று போடும். மாமியார் வீட்டுக்குப் போன முதல் வாரம் எனக்கு ஞாபகம் வரும்.

2

வந்த புதிதில் இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பார்த்து அழுதிருக்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உட்கார்ந்து அழுதேன். ஊரிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பொடி தீர்ந்த அன்றைக்கு வேறு வழியில்லாமல் கோச்சுஜாங்கில் எள் எண்ணெயை ஊற்றிக் குழைத்து தோசைக்குத் தொட்டேன். அன்றோடு அழுகை நின்றது. பிறகு கத்தரிக்காய்க்குள் அடைத்தேன். அயிலை மீன் குழம்பில் ஒரு கரண்டி போட்டேன். குழம்பில் சர்க்கரையைக் கொட்டிவிட்டாயா என்று கணவர் கேட்டார். கேட்டுக்கொண்டே மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

ஒருமுறை நான் கடுகு தாளித்தபோது மேல்வீட்டுப் பெண் ஓடிவந்து எங்கே தீ என்று கேட்டாள். தீ இல்லை, இது குழம்பின் முடிவு என்று எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் விளக்கினேன். அவள் இன்னும் பயந்துபோனாள். அவளுக்கு என் பெயர் தெரியாது. இங்கே பிள்ளை பெற்றவளுக்குப் பெயர் தேவையில்லை, நான் 'இனியா அம்மா', அவ்வளவுதான். வங்கி அட்டையில் மட்டும் பெயர் உண்டு, அதுவும் முழுசாக இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு மூன்றெழுத்தில் பெயர் முடிந்துவிடுகிறது. பரமேஸ்வரி தெய்வசிகாமணிக்கு அவர்களுடைய கட்டத்தில் இடமில்லை. 'பரமேஸ்வரி தெய்வ' என்பதோடு நின்றுவிடும். வெளிநாட்டவர் அலுவலகம் கொடுத்த அட்டையில் என் தகுதி 'உடன் வந்தவர்' என்று இருக்கிறது. எம்.காம். படித்துவிட்டு உடன் வந்தவர்.

இனியாவுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவள் கனவில் பேசுவதுகூடக் கொரிய மொழியில்தான். ஆவடியில் ஆட்டோ ஓட்டுநருக்கு இடுப்பை வளைத்துக் கும்பிட்டுவிட்டு இறங்குவாள். அவர் பதறி, "பாப்பா, இன்னாத்துக்குமா?" என்று தானும் கும்பிடுவார். அம்மா சுட்ட இட்லியைக் கோச்சுஜாங்கில் தோய்த்துத்தான் சாப்பிட்டாள். அதைப் பார்த்து அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவேன். வந்து ஒரு மாதம் இரும்மா, நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போம்மா என்பேன். ஒவ்வொரு வருடமும் ஒரே பதில்தான். தம்பிக்குச் சோறு யார் போடுவார்கள், அவனுக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும், அப்புறம் வருகிறேன். தம்பிக்கு முப்பத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி மெஷினில் வேலை. வருகிற வரன் எல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போய்க்கொண்டிருந்தது.

ஆகவே தம்பியின் கல்யாணத்தில் எனக்கு ஒரு சுயநலம் இருந்தது. அவனுக்கு ஒருத்தி வந்துவிட்டால் என் அம்மா எனக்குக் கிடைப்பாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் செய்த திருட்டுத்தனத்துக்கு எல்லாம் காரணம் அதுதான்.

3

மார்கழியில் தம்பி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அக்கா, ஒரு சின்ன மேட்டர். அயனம்பாக்கத்துப் பொண்ணு ஒண்ணு வந்துகீதுல்ல, அதாங்க்கா கௌசல்யா. அது கேட்டுச்சு, உங்க அக்கா கொரியாவுல கீறாங்களாமே, நீங்க அந்த ஊர் சாப்பாடு சாப்புடுவீங்களான்னு. சாப்புடறதா, நானே செய்வேன்னு வுட்டுட்டேன்."

இவன் சுடுதண்ணீர் வைத்தாலே அடிபிடிக்கும். நான் சிரித்த சிரிப்பில் கணவர் வெளியே வந்து பார்த்தார். தரகர் சொல்லியிருந்தாராம், பெண் நல்ல பெண், கம்பெனியில் வேலை, ஆனால் வீட்டுக்கு வந்தால் எந்நேரமும் கொரியன் சீரியல்தான் என்று. அதைப் பிடித்துக்கொண்டு இவன் ஏணி போட்டிருக்கிறான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி என்று பெரியவர்கள் சொன்னதில் முதல் பொய்யை அவன் சொல்லிவிட்டான். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றிலிருந்து நான் சமைப்பதையெல்லாம் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். அவன் தான் செய்ததாக அவளுக்கு அனுப்பினான். பிள்ளை தினமும் ஒரு பதார்த்தம் செய்தான், ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி.

அம்மாவுக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அயனம்பாக்கம். பஸ் ஏறினால் வந்துவிடலாம். பெண் அம்மா வீட்டுக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். ஒருத்தி கடல் தாண்டிப் போனதே போதும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒருத்தி நான்தான்.

தையில் நான் ஊருக்குப் போனதும், எல்லோரும் பெண் வீட்டுக்குப் போய் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தோம். அடுத்து அவர்கள் நம் வீடு பார்க்க வர வேண்டும். அதற்குள் தரகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்து நின்றார். பெண்ணும் வருகிறாளாம். மாப்பிள்ளை சமைத்துப் போடுவதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசப்படி மிதிப்பதா என்று அம்மா தலையில் கைவைத்தாள். காலம் மாறிப்போச்சும்மா என்று தரகர் மோட்டுவளையைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். நான் பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தேன்.

4

தொக்பொக்கி செய்வது என்று முடிவாயிற்று. அரிசி மாவில் விரல் தடிமனுக்குச் செய்த துண்டுகளைக் கோச்சுஜாங் குழம்பில் கொதிக்க விடுவது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ரோட்டோரம் நின்று தின்பது. கடையில் விற்கிற அரிசித் துண்டு ஆவடியில் கிடைக்கவில்லை. சரி, அரிசி மாவுக்கு நமக்குப் பஞ்சமா? மாவை வேகவைத்துப் பிசைந்து கொடுத்தேன். தம்பி உருட்டினான். மெஷின்காரன் கை, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமில்லை. வெர்னியர் வைத்து அளக்காததுதான் பாக்கி. நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் செய்தால் அசல் ருசி வரும் என்றேன். நல்ல காரியத்தில் கருவாடா என்று அம்மா ஒரு பார்வை பார்த்தாள். கருவாடு போயிற்று.

அவர்கள் வருகிற அன்று காலை, வெங்காயத்தாள் இல்லாமல் தொக்பொக்கியே கிடையாது என்று இனியா அடம் பிடித்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு நானும் தம்பியும் ஆவடி மார்க்கெட்டுக்குப் போனோம். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே பெருங்காய வாசனை தூக்கியது. யார் வீட்டிலோ நல்ல சமையல் என்று தம்பி சொன்னான். எங்கள் வீட்டில்தான்.

அடுப்பில் பெரிய வாணலி. அதில் எண்ணெய் பிரிந்து, கடுகு வெடித்து, நசுக்கிய பூண்டு மிதக்க, கருஞ்சிவப்பாக ஏதோ தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கோச்சுஜாங் டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இன்னாம்மா பண்ண?" என்றேன்.

"மொளகா விழுதுன்னு சொன்னியே, வாயில வெச்சா இனிக்குதுடி. புளிச்ச வாசன வேற. ஃபிளைட்டுல வந்ததுல கெட்டுப்போயிருக்கு. சம்பந்தி ஊட்டுக்காரங்களுக்கு அதையா வெப்பாங்க? அதான் கொஞ்சம் புளி கரைச்சு ஊத்தி, வெந்தயப்பொடி போட்டுச் சரி பண்ணிட்டேன். இப்போ வெச்சிப் பாரு."

உலகத்தில் எந்த ஊர்க்காரியும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டாள். கெட்டுப்போனது என்றால் கொட்டிவிடுவார்கள். நம் அம்மாக்கள்தான் எண்ணெய் பிரிகிறவரை வதக்கி, கெட்டுப்போனதைத் திருத்தி நல்வழிப்படுத்துவார்கள். என் அம்மாவின் அகராதியில் பெருங்காயம் சரிசெய்யாத குற்றம் கிடையாது. வைத்துப் பார்த்தேன். கோச்சுஜாங் இருந்த இடம் தெரியவில்லை. அருமையான தக்காளித் தொக்கு, தக்காளி இல்லாமல்.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். "முடிஞ்சிதுக்கா. எல்லாம் முடிஞ்சிது," என்றான். எனக்கும் ஆத்திரம்தான். இந்த வரனும் போனால் அம்மா இன்னும் எத்தனை வருடம் இந்த வாணலியைக் கட்டிக்கொண்டு இருப்பாள்? கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. தம்பி எழுந்தான். துண்டை உதறி இடுப்பில் கட்டினான். அந்தத் தொக்கில் தண்ணீரை ஊற்றி, உருட்டி வைத்ததை எல்லாம் அள்ளிப் போட்டு, கரண்டியைக் கையில் எடுத்தான்.

5

கௌசல்யாவின் அப்பா போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து உப்பில்லை என்று திருப்தியானார். அவளுடைய அம்மா மாடிப்படியை எண்ணினார். கௌசல்யா நேராகச் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள். தம்பி திரும்பவில்லை. சட்டை முதுகோடு ஒட்ட, நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தான். என் தம்பி ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

தட்டு வைத்தோம். வெங்காயத்தாள் தூவினோம். கௌசல்யா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக, மிக மெதுவாக மென்றாள். "காரக் கொழுக்கட்டை பிரமாதம்," என்று அவளுடைய அப்பா சொன்னார். நான் பல்லைக் காட்டினேன்.

அப்போது இனியா வாயைத் திறந்தாள். எங்களுக்குள் ரகசியம் பேச அவளுக்கு ஒரு மொழி இருக்கிறது, அதை யார் இருந்தாலும் சத்தமாகவே பேசுவாள். கொரிய மொழியில் தெள்ளத்தெளிவாகச் சொன்னாள்: அம்மா, இது தொக்பொக்கியே இல்லை, இது ஊறுகாய், மாமா இவர்களை ஏமாற்றுகிறார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ரொம்ப நல்லா இருக்காம். மாமா அடிக்கடி செஞ்சு தரணுமாம்," என்று மொழிபெயர்த்தேன்.

கௌசல்யா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் இனியாவுக்குப் பதில் சொன்னாள். அதுவும் கொரிய மொழியில். என்னுடையதைவிடச் சுத்தமாக. எனக்கும் தெரியும், சாப்பிட்டு முடிக்கிறவரை யாரிடமும் சொல்லாதே என்றாள்.

இனியா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பூமி பிளந்து வழிவிட்டால் தேவலை என்றிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால், இலையில் உட்கார்ந்திருப்பவள் அந்தப் பூசணிக்காய் வியாபாரி.

பிறகு அவளே சாவகாசமாகச் சொன்னாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்கிற கொரியக் கம்பெனியில் ஆறு வருடமாக இருக்கிறாள். மேலதிகாரிகள் அந்த ஊர்க்காரர்கள். கேன்டீனில் தினமும் அந்தச் சிவப்பு டப்பாதான். சீரியல் பார்த்தது மொழி கற்றுக்கொள்ள. அதைத் தரகர் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"போட்டோ அனுப்பினாரே அக்கா, எல்லாத்துலயும் வளையல் போட்ட கை இருந்துச்சு," என்றாள் என்னிடம்.

என் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். தம்பி சுவரில் இருந்த காலண்டரில் ராகு காலம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பெனில என்னை ரெண்டு வருஷம் கொரியாவுக்கு அனுப்பறாங்க," என்று இப்போது அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "தனியா போறதுக்கு எங்க வீட்ல விட மாட்டாங்க. இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாங்க அத்தை, உன் பின்னாடி வந்து அங்க நான் என்ன பண்றதுன்னு. இவருக்குச் சமைக்கத் தெரியாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரியாமயே இவ்வளவு நேரம் நின்னு செஞ்சாரு. எனக்கு அது போதும். நீங்க சரின்னு சொன்னாத்தான்."

தம்பிக்கு என் உத்தியோகம் கிடைத்துவிட்டது. உடன் வந்தவர். வேறு சமயமாக இருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பேன். அப்போது சிரிப்பு வரவில்லை. பஸ் தூரத்தில் பெண் வேண்டும் என்று அம்மா பார்த்துப் பார்த்துப் பிடித்தவள், இருந்த ஒரு பிள்ளையையும் விமானம் ஏற்றப்போகிறாள். அம்மாவை அந்த வீட்டைவிட்டு விடுவிக்கத்தானே நான் இவ்வளவும் செய்தேன்? கடைசியில் அவளை அங்கே தனியாக விட்டுவிட்டு எல்லோரும் போகப்போகிறோம். அம்மா எழுந்து உள்ளே போனாள். வாணலியோடு திரும்பி வந்து, கௌசல்யாவின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி போட்டாள்.

"பரமு, அங்க இட்லி அரிசி கெடைக்குமாடி?" என்று கேட்டாள்.

கிடைக்கும் என்றேன்.

"அப்போ எனக்கும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடு. இவன் அங்க போய்ட்டா நான் இங்க யாருக்கு வடிச்சுக் கொட்றது?"

6

எனக்கு வந்ததே கோபம். சம்பந்தி வீட்டார் போகிறவரை அடக்கிக்கொண்டிருந்து, ஆட்டோ தெருவைத் தாண்டியதும் வெடித்தேன். பதினோரு வருடமாகக் கெஞ்சினேனே, ஒரு தடவையாவது பாஸ்போர்ட் என்ற வார்த்தை உன் வாயில் வந்ததா? தம்பிக்கு என்றதும் ஒரு நிமிடத்தில் வருகிறதா? நான் உன் வயிற்றில் பிறக்கவில்லையா? வார்த்தைக்கு வார்த்தை அழுகையும் சேர்ந்து வந்தது. மகள் எதிரில் அழுவது அசிங்கம் என்றுகூடத் தோன்றவில்லை.

அம்மா வாணலியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"பொண்ணு ஊட்ல போய் மாசக்கணக்குல எப்படிடி உக்காந்து துன்றது? மாப்புள தங்கமானவருதான். அதுக்காவ? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? அதை உன் மொகத்துக்கு நேரா சொன்னா நீ அழுவ. அதான் இவன் மேல பழியப் போட்டேன். இப்போ நான் என் புள்ள ஊட்டுக்கு வரேன். அங்கருந்து உன்னயப் பாக்க வரேன்."

இதுதானா விஷயம்! தம்பியின் சோறும் இல்லை, கல்யாணமும் இல்லை. மகள் வீட்டில் கைநனைக்கக் கூச்சம். இத்தனை வருடம் அவளும் வர ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதெல்லாம் வருவாய் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வருவேன். பொழுதோட கெளம்பிடுவேன். ராத்திரி தங்க மாட்டேன்."

வைகாசியில் கல்யாணம். ஆவணியில் பயணம். அம்மாவின் பாஸ்போர்ட் வேலை நடக்கிறது. ஆதாரில் கமலா, ரேஷன் கார்டில் கமலம்மாள், அப்பாவின் பென்ஷன் புத்தகத்தில் கமலாவதி. மூன்று பேரில் யார் நீங்கள் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். மூணும் நான்தான், யாரை அனுப்பினாலும் சரி என்றாளாம்.

கௌசல்யா இங்கே வேலை செய்யப்போகிற அலுவலகம் சுவோனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். கம்பெனியே வாடகை கொடுக்கும், வீட்டை நாம் எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அவளிடம் பேசினேன். அயனம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு மணி நேர ரயில் எல்லாம் ஒரு பயணமா அண்ணி என்று சிரித்தாள். எனக்கு வாய்த்தவள் என்னைவிடக் கள்ளி. எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்காரர்கள் கோடையில் காலி செய்கிறார்கள். வீட்டுக்காரரிடம் நேற்று முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அம்மா தாராளமாக மகன் வீட்டிலேயே தூங்கட்டும். எதிர்க்கதவு என்னுடையது என்று அவளிடம் யாரும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.